ஏலத்தின் இறுதிக் கணம்

பலர் கூடிய இடத்தில் ஒரு பொருளை முன்வைத்து, கேட்போர் ஒருவரையொருவர் விஞ்சிக் கேட்க, விஞ்சியவருக்கே அதனைக் கொடுத்தல் ஏலம் எனப்படும். கடையிலே விலை முன்னரே குறிக்கப்பட்டிருக்கும். பேரத்திலே இருவர் மாத்திரம் பேசி முடிப்பர். ஏலத்திலோ பலர் கேட்க ஒருவர் பெறுகின்றார். ஏலம் முடிந்தபின், பொருள் என்ன விலைக்குப் போயிற்று என்றே எவரும் வினவுவர். அவ்வேலம் எக்கணத்தில், எவ்விதியின்படி முடிந்தது என்று வினவுவோர் சிலரே. ஆயினும், முடியுங் கணத்தை வகுக்கும் விதியே விலையையும், அவ்விலையால் வரும் நன்மை தீமைகளையும் பெரும்பாலும் தீர்மானிக்கின்றது என்பதற்கு வரலாற்றிலே சான்றுகள் பலவுள. மெழுகுதிரி எரித்து ஏலங்கூறிய பதினேழாம் நூற்றாண்டு தொடக்கம், இணையத்தின் வழியே உலகெங்குமுள்ளோர் விலை கேட்கும் இந்நாள் வரையில், அவ்விதியைப் பற்றிய போராட்டம் ஒன்றே வெவ்வேறு உருவங்களில் நிகழ்ந்து வந்துள்ளது.

இதனை விளங்கிக்கொள்வதற்கு நெடுந்தூரஞ் செல்லவேண்டுவதில்லை. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடைய மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலே, வாவிக்கும் வங்கக் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலப்பரப்பில், களுவாஞ்சிக்குடி அமைந்துள்ளது. மண்முனை தென் எருவில் பற்றுப் பிரதேசத்தின் நிருவாகத் தலைமையிடமும் அதுவே. கிழக்கே கடல், மேற்கே வாவி, வாவிக்கு அப்பால் படுவான்கரையின் வயல்கள். இத்தகைய கரையூர்களிலே இறாலும் நண்டும் திரளியும் கரை சேரும் வேளையில், அவற்றைக் குவித்து வைத்துக் கூறி விற்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. அங்கே மணிக்கூடு வேண்டப்படுவதில்லை. வெயில் ஏற ஏற மீனின் புதுமை குன்றும். புதுமை குன்ற விலையுங் குன்றும். ஆதலின், வாங்குபவர் சிறிது பொறுத்து நின்றாலே போதும். காலம் அவர் பக்கத்தில் நின்று உழைக்கும். வலை இழுத்தவனுக்கோ பொறுத்திருக்க இயலாது. ஏலத்தில் எதிர்நிற்போர் இருவருள் காலம் எவர் பக்கம் நிற்கின்றது என்னும் வினா இவ்வாறு கரையிலேயே எழுந்துவிடுகின்றது.

அதே பகுதியின் கோயில்களிலே வேறொரு வகை ஏலத்தைக் காணலாம். திருவிழாக் காலத்தில் அடியார் நேர்த்தியாகக் கொணர்ந்த மாங்கனியும் தேங்காயும் வாழைக்குலையும் ஏலத்தில் விடப்படும்போது, சந்தையிற் சிறுவிலை பெறும் கனி பன்மடங்கு பெருந்தொகைக்குப் போதலும் உண்டு. அங்கே கேட்பவர் தம் கேள்வியை மறைப்பதில்லை. இறைவன் திருமுன்னும் ஊரார் முன்னும் அது ஒலிக்கவேண்டுமென்றே விரும்புகின்றார். மறைப்பதால் வரும் ஆதாயம் இல்லாத இடத்திலே இறுதிக் கணம் வரை காத்திருக்கும் தந்திரமும் இல்லை. மீன் கூறும் கரையையும் கோயில் முன்றிலையும் ஒப்புநோக்குவோர், காத்திருத்தல் என்பது ஏலத்துக்கு இயல்பாகவே அமைந்த குணமன்று என்பதையும், மறைத்தலால் ஊதியம் விளையும்போது மாத்திரமே அது தோன்றுகின்றது என்பதையும் எளிதில் உணர்வர்.

ஏலம் என்னும் சொல்லே கடல் கடந்து வந்ததாகும். போர்த்துக்கேயர் வழங்கிய ‘லெயிலாம்’ என்னும் சொல்லின் திரிபு அது என்றும், அச்சொல்லின் மூலம் அறிவித்தல் என்னும் பொருள் தரும் அரபுச் சொல்லென்றும் சொல்லாராய்ச்சியாளர் கூறுவர். சிங்களத்தில் வழங்கும் ‘வெந்தேசி’ என்னும் சொல் ஒல்லாந்தரின் ‘வெண்டூட்டி’ என்பதிலிருந்து பிறந்தது. மட்டக்களப்பிலே 1628ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டையை 1638ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் கைப்பற்றினர். இலங்கையை அடுத்தடுத்து ஆண்ட இவ்விரு வணிக இனத்தாரும் ஒரே செயலுக்குரிய இரு சொற்களை இந்நாட்டின் இரு மொழிகளிலும் விட்டுச் சென்றமை நோக்கத்தக்கது. பொருளைக் கூறி விற்கும் பழக்கம் முன்னரே இருந்திருப்பினும், அரசாங்கத்தின் உரிமைகளையும் வருவாய்களையும் விதிமுறையோடு ஊரறிய விற்கும் வழக்கம் இவர்களோடும் இவர்களுக்குப் பின்வந்த பிரித்தானியரோடும் வலுப்பெற்றது.

ஏலத்தை முடிக்கும் விதிகளை மூவகையாகப் பிரித்துக் காணலாம். முதலாவது, ‘ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்’ என்று கூறி, அதற்குமேல் எவருங் கேளாதவிடத்து முடிக்கும் விதி. இதில் ஏலம் நேரத்தால் முடிவதில்லை. கேட்போரின் மௌனத்தால் முடிகின்றது. கேட்க ஒருவர் உளராயின் அது நீளும். இரண்டாவது, முன்னரே குறித்த நேரத்தில், அக்கணத்தில் முன்னிற்பவருக்கே பொருள் என்று முடிக்கும் விதி. மூன்றாவது, முடியும் நேரம் எவருக்கும் திட்டமாகத் தெரியாதவாறு அமைக்கும் விதி. இம்மூன்றாவது விதியின் புகழ்பெற்ற வடிவமே மெழுகுதிரி ஏலம்.

பதினேழாம் நூற்றாண்டிலே இங்கிலாந்தில் கப்பல்களும் வணிகச் சரக்குகளும் ஓர் அங்குல மெழுகுதிரியை ஏற்றிவைத்து ஏலத்தில் விடப்பட்டன. திரி அணையுங் கணத்துக்கு முன் இறுதியாகக் கேட்டவருக்கே பொருள் உரியது. சுடர் எப்போது அணையும் என்பதை எவரும் அறியாராதலின், இறுதிவரை வாளாவிருப்பவன் இழக்க நேரிடும். ஆதலால் யாவரும் காலத்தோடு கேட்பர் என்பதே அம்முறையை வகுத்தோரின் எண்ணம். ஆனால், கடற்படை அலுவலராயிருந்த சாமுவேல் பீப்ஸ் என்பார் 1662ஆம் ஆண்டு செத்தெம்பர் 3ஆம் நாள் தம் நாட்குறிப்பில் ஒரு நிகழ்ச்சியைப் பதிந்துள்ளார். அன்று நடைபெற்ற விற்பனையில் ஒருவன் மாத்திரம் தவறாது இறுதியிற் கேட்டுப் பொருளைப் பெற்றான். அதன் மருமத்தை அவர் வினவியபோது, சுடர் அணையுந் தறுவாயிற் புகை கீழ்நோக்கி இறங்கும் என்றும், அதனைக் கண்டே தான் கேட்பதாகவும் அவன் விடை கூறினான். அனைவருக்கும் மறைவாயிருக்கவேண்டிய நேரத்தை ஒருவன் தன் நுண்ணோக்கால் அறிந்துகொண்டான். விதி எத்துணை நுட்பமாக வகுக்கப்படினும் அதன் புகையைக் கற்றறிந்த ஒருவன் தோன்றுவான் என்பதற்கு இந்நிகழ்ச்சி ஏற்ற உவமையாகும்.

இலங்கையின் தமிழ்க் கரையிலே இறுதிவரை வாய் திறவாமைக்கு வேறொரு காரணம் விளங்கிற்று. மன்னார்க் குடாவிற் சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி ஆகிய இடங்களுக்கு அப்பாலுள்ள பார்களில் முத்துக்குளிப்பு நிகழ்ந்த ஆண்டுகளில், மணல்வெளியிலே பல்லாயிரவர் கூடும் நகரொன்று சில கிழமைகளுக்குள் எழுந்து மறையும். பிரித்தானிய ஆட்சிக் காலத்தின் பிற்பகுதியில், தோணிகள் கொணர்ந்த சிப்பிகள் அரசினரின் ‘கொட்டு’ என்னும் அடைப்பிலே மூன்று கூறாக்கப்பட்டன. ஒரு கூறு குளிப்பவர்க்கும், இரு கூறு அரசினருக்கும் உரியன. அரசினரின் பங்கு மாலைதோறும் ஆயிரஞ் சிப்பி என்ற கணக்கில் ஏலத்தில் விடப்பட்டது. 1905ஆம் ஆண்டுக் குளிப்பு அரசினருக்கு ஏறத்தாழ 25 இலட்சம் ரூபாய் ஈட்டிக் கொடுத்தது. அதற்கு அடுத்த ஆண்டில் மரிச்சுக்கட்டியிற் பணிபுரிந்த இளம் அலுவலருள் ஒருவர், பிற்காலத்தில் எழுத்தாளராய்ப் புகழ்பெற்ற லெனாட் வூல்வ் ஆவார்.

இவ்வேலத்தின் தன்மை ஆழ்ந்து சிந்திக்கற்பாலது. மூடிய சிப்பியினுள் முத்து உண்டோ இல்லையோ என்பதைக் கேட்பவர் எவரும் அறியார். குளிப்புக்கு முன்னர்ச் சிப்பிகளிற் சிலவற்றை எடுத்துத் திறந்து, முத்துக்களை மதிப்பிட்டு, ஆயிரஞ் சிப்பிக்கு இவ்வளவு பெறும் என அரசினர் அறிவித்தனரேனும், ஒவ்வொரு பாரின் ஒவ்வொரு நாட் சிப்பியும் வேறுபடும். பல்லாண்டுப் பழக்கமுள்ள வணிகன் ஓட்டின் வளர்ச்சியையும் பாரின் இயல்பையுங் கண்டு ஓரளவு மதிப்பிட வல்லவன். அவன் வாய் திறந்து விலை கேட்டவுடன் அவனது அறிவு அனைவருக்கும் பொதுச்சொத்தாகிவிடும். அருகில் நிற்கும் புதியவன், ‘இவரே இவ்வளவு கேட்பாராயின் இச்சிப்பி நல்லதாயிருக்கும்’ என்றெண்ணித் தானும் ஏற்றிக் கேட்பான். எனவே, அறிந்தவனுக்கு ஒவ்வொரு கேள்வியும் ஓர் இழப்பாகும். தன் அறிவை ஊதியமாக்கவேண்டின் அவன் இயன்றவரை மௌனஞ் சாதித்தல் வேண்டும். பிற்காலத்தார் இணைய ஏலங்களிற் கண்டறிந்த உண்மையின் வித்து இங்கே கிடக்கின்றது.

மதிப்பு மறைந்துள்ள பொருளை ஏலத்தில் எடுப்போருக்கு இன்னொரு தீங்கும் உண்டு. பலர் பலவாறு மதிப்பிடும்போது, மிகையாக மதிப்பிட்டவரே எல்லாரினும் மேலாகக் கேட்டு வெல்வர். அவ்வெற்றியே அவர் பிழையாக மதிப்பிட்டமைக்குச் சான்றாகிவிடும். எண்ணெய் நிலங்களுக்கான ஏலங்களை ஆராய்ந்து, கேப்பன், கிளாப், காம்பெல் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் மூவர் 1971ஆம் ஆண்டில் இதனை எடுத்துக்காட்டினர்; ‘வென்றவனின் சாபம்’ என்று அது இன்று வழங்கப்படுகின்றது. 1906ஆம் ஆண்டில் இலங்கை முத்துப் பார்கள், ஆண்டொன்றுக்கு 3,10,000 ரூபாயாக 20 ஆண்டுகளுக்கு ஒரு பிரித்தானியக் கொம்பனிக்குக் குத்தகையாக விடப்பட்டன. அடுத்த சில ஆண்டுகளுக்குள் சிப்பி வளங்குன்ற, அக்கொம்பனி முயற்சியைக் கைவிட்டது. பழைய உரோமாபுரியிலும் இதற்கோர் உதாரணம் உண்டு. கி.பி. 193ஆம் ஆண்டில் அரண்மனைக் காவற்படையினர் பேரரசையே ஏலத்தில் விட்டபோது, தீதியசு யூலியானசு என்பான் போர்வீரன் ஒருவனுக்கு 20,000 செசுதேர்சு என்றிருந்த கேள்வியை ஒரே தாவலில் 25,000 ஆக்கி அரசைப் பெற்றான். அவன் ஆட்சி 66 நாள்களில் அவனது கொலையோடு முடிந்தது.

சாத்திரத்தில் வென்றவனே சாபத்தை ஏற்பான். வாழ்க்கையில் அச்சாபம் ஏலத்திலே நில்லாத பிறர் தலையிற் சுமத்தப்படுதலும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நெல்வரி இதற்கு இந்நாட்டுச் சான்று. விளைச்சலிற் பத்திலொரு பங்கு என்னும் அளவில் வகுக்கப்பட்ட அவ்வரியைத் திரட்டும் உரிமையை அரசினர் பல இடங்களில் ஏலத்தின் மூலம் குத்தகைக்காரருக்கு விற்றனர். கூடுதலாகக் கேட்டவன் குத்தகை பெற்றான். கேட்ட தொகைக்கு மேலே தன் ஊதியத்தை உழவனிடமிருந்து பெறவேண்டியவனானான். கதிர் முற்றியபின்னரும் குத்தகைக்காரனுக்கு அறிவித்து, அவன் தரப்பின் மதிப்பீட்டை எதிர்பார்த்தே உழவன் அறுவடை செய்யவேண்டியிருந்தது. மழை இருண்டு வரும்போது ஒரு நாட் பிணக்கு ஒருபோக விளைவையே அழித்துவிடும். ஈண்டுங் காலம் பொறுத்திருக்க வல்லவனின் கருவியாயிற்று. இக்குத்தகை முறைக்கும் நெல்வரிக்கும் எதிராக எழுந்த கிளர்ச்சியின் விளைவாக, தேசாதிபதி ஆதர் ஹவ்லொக்கின் காலத்தில், 1892ஆம் ஆண்டிற் செய்யப்பட்ட முடிவின்படி அவ்வரி ஒழிக்கப்பட்டது.

சாராயக் குத்தகையின் வரலாறு வேறொரு குறையை வெளிப்படுத்துகின்றது. கச்சேரிகளிலே பகிரங்கமாக நடந்த சாராயக் குத்தகை ஏலங்களிற் செல்வர் சிலர் தம்முள் முன்னரே கூடிப் பேசி, ஒருவர் கேட்க மற்றையோர் வாய் மூடியிருத்தல் அரசினரை அடிக்கடி கலங்கச் செய்தது. வாய்மொழி ஏலத்திலே உடன்படிக்கையை மீறியவன் யாவனென்பது அக்கணத்திலேயே தெரிந்துவிடும். ஏனையோர் உடனே அவனை எதிர்த்துக் கேட்டுத் தண்டிக்கலாம். ஆகவே, அனைவருங் கேட்க நீளும் ஏலம் நேர்மையானோரிடையே உண்மை விலையைக் காட்டும். சூழ்ச்சியாளரிடையே சூழ்ச்சிக்குக் காவலாகும். முத்திரையிட்ட உறைகளிற் கேள்வி பெறும் முறை இக்குறைக்கு மாற்றாக எங்கும் பரவிற்று. இன்றும் அரசாங்க ஒப்பந்தங்களுக்குக் கேள்வி கோரும் அறிவித்தல்களில் குறித்த நாளும் மணியும் தவறாது குறிக்கப்படுவதைக் காணலாம்.

முத்திரையிட்ட உறையிலே ஒருவர் எழுதவேண்டியது தம் மனத்திலுள்ள உச்ச விலையையா, அன்றி அதனிற் குறைந்த தொன்றையா? கேட்டதையே கொடுக்கவேண்டுமெனின், எவரும் தம் உச்சத்தை எழுதார். பிறர் எவ்வளவு எழுதுவர் என்று ஊகித்துச் சிறிது குறைத்தே எழுதுவர். இவ்வூகத்தை ஒழிக்கும் வழியொன்றை யேர்மனியக் கவிஞர் கதே 1797ஆம் ஆண்டிற் கண்டார். தம் காவியம் ஒன்றனை வெளியிட விழைந்த வீவெக் என்னும் பதிப்பாளரின் உண்மை மதிப்பை அறிய விரும்பிய அவர், தாம் வேண்டும் தொகையை உறையிலிட்டு நடுவர் ஒருவரிடம் ஒப்புவித்தார். பதிப்பாளர் கூறுந் தொகை உறையிலுள்ளதற்குக் குறைந்ததாயின் உறை திறக்கப்படாது திரும்பும். கூடியதாயின் உறையிலுள்ள தொகையைக் கொடுத்தாற் போதும். ஆகவே, குறைத்துக் கூறுதலாற் பதிப்பாளர் பெறக்கூடிய நன்மை யாதுமில்லை. உறையில் இருந்தது 1,000 தாலர். பதிப்பாளர் கூறியதும் சரியாக 1,000 தாலரே. நடுவராயிருந்த பொட்டிகர் மறையை முன்னரே வெளியிட்டமையே இவ்வியப்பான ஒற்றுமைக்குக் காரணமென ஆராய்ச்சியாளர் காட்டியுள்ளனர். முறை பழுதற்றதாயிருந்தும், உச்சத் தொகையைக் காத்தவரின் நா காக்கப்படாமையால் அது பயனிழந்தது.

அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்திலே 1893ஆம் ஆண்டளவில் தபால் முத்திரை வணிகர் இதையொத்த வழக்கமொன்றைக் கையாண்டனர். வெளியூரார் தம் உச்ச விலையைக் கடிதத்தில் எழுதியனுப்புவர். மேலாகக் கேட்டவர், தமக்கு அடுத்தவர் கேட்ட விலையை ஒட்டிய தொகையைக் கொடுத்துப் பொருளைப் பெறுவர். இதன் தத்துவத்தை வில்லியம் விக்ரி என்னும் பொருளியலாளர் 1961ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையிற் கணித முறையால் நிறுவினார். வென்றவர் இரண்டாம் விலையையே கொடுப்பாரெனின், தம் உண்மையான உச்சத்தை எழுதுதலே ஒவ்வொருவருக்கும் சிறந்த வழியாகும். உச்சத்துக்குக் குறைத்து எழுதினால், கொடுக்கவேண்டிய விலை குறையாது; பொருளை இழக்கும் இடர் மாத்திரம் கூடும். உச்சத்துக்கு மேலே எழுதினால், விரும்பாத விலைக்கு வாங்க நேரிடும். 1996ஆம் ஆண்டிலே நோபெல் பரிசு அறிவிக்கப்பட்ட மூன்றாம் நாள் விக்ரி காலமானார்.

1995ஆம் ஆண்டில் பியேர் ஒமிடியார் அமெரிக்காவில் தொடங்கிய இணைய ஏலத்தளம் பின்னர் ‘ஈபே’ என்னும் பெயரால் உலகெங்கும் பரவிற்று. அங்கே கேட்பவர் தம் உச்சக் கேள்வியை எழுதிவைப்பின், கணினி அதனை மறைவாக வைத்துக்கொண்டு, எதிர்க்கேள்வியை விஞ்சுதற்கு வேண்டிய அளவே அவருக்காக ஏற்றிக் கேட்கும். இவ்வகையில் அது விக்ரியின் கொள்கையை ஒத்தது. ஆனால், ஏலம் குறித்த நாளில், குறித்த நொடியில் முடிவடையும். விக்ரியின் கொள்கைப்படி எல்லாரும் தம் உச்சத்தை முன்னரே எழுதிவைத்துவிட்டு அமைதியாயிருத்தல் வேண்டும். நடந்ததோ வேறு, நாட்கணக்கில் உறங்கிக்கிடந்த ஏலம் இறுதி நொடிகளிற் கொந்தளித்தது.

அதன் காரணத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். பழைய தபால் முத்திரைத் தொகுதியொன்று 5,000 ரூபாய் என்னுந் தொடக்க விலையோடு ஏலத்திலுள்ளது; ஒவ்வோர் ஏற்றமும் 250 ரூபாய் எனக் கொள்க. சாத்தன் முத்திரை நூல் கற்றவன். அதனை 12,000 ரூபாய் வரை மதிக்கின்றான். கொற்றன் புதியவன், 11,500 ரூபாய் வரை கொடுக்கக்கூடியவனாயினும், முதலில் 6,000 மாத்திரமே எழுதிவைத்து, யாரேனும் விஞ்சினாற் பின்னர்ப் பார்க்கலாம் என்றிருக்கின்றான். சாத்தன் முற்கூட்டியே தன் 12,000 ரூபாயை எழுதுவானாயின், கொற்றன் தான் விஞ்சப்பட்டமை கண்டு, சிறிது சிறிதாக ஏற்றி 11,500 வரை செல்வான். சாத்தன் 11,750 ரூபாய் கொடுக்கவேண்டிவரும். சாத்தன் இறுதி ஐந்து நொடியில் எழுதுவானாயின், கொற்றனுக்கு மறுமொழி கூற நேரமில்லை. சாத்தன் 6,250 ரூபாய்க்கே பொருளைப் பெறுவான். விற்றவருக்கு வந்திருக்கவேண்டிய 5,500 ரூபாய் ஐந்து நொடியின் மறைவிலே போய்விடுகின்றது. கொற்றன் தொடக்கத்திலேயே தன் உண்மை உச்சமாகிய 11,500 ரூபாயை எழுதிவைத்திருப்பின், சாத்தனின் தந்திரம் சற்றும் பலியாது. எந்நொடியில் வந்தாலும் அவன் 11,750 ரூபாய் கொடுத்தேயாகவேண்டும்.

சாத்தனுக்கும் இடருண்டு. இறுதி நொடியில் அனுப்பிய கேள்வி கம்பியிலோ அலையிலோ தடைப்பட்டு வந்துசேராதாயின், பொருள் கொற்றனுக்குத் தொடக்க விலையான 5,000 ரூபாய்க்கே போய்விடும். இவ்வாறு இடர் இருந்தும் பலர் காத்திருப்பதேன் என்பதை அல்வின் ரொத், அக்செல் ஒக்கன்பெல்ஸ் என்னும் இரு பொருளியலாளர் ஆராய்ந்து 2002ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அக்காலத்தில் அமேசன் நிறுவனமும் இணைய ஏலம் நடத்திற்று. பின்னர் அது நிறுத்தப்பட்டது. அங்கே குறித்த நேரம் வந்தாலும், கடைசிக் கேள்விக்குப்பின் பத்து நிமிடம் எவருங் கேளாதிருந்தாலன்றி ஏலம் முடிவதில்லை. ‘மூன்று தரம்’ என்னும் பழைய விதியே கணினியின் உருவில் அங்கே நின்றது எனலாம். ஈபேயிற் கணினிப் பொருள்களுக்கான ஏலங்களில் நூற்றுக்கு 40இலும், பழம்பொருள்களுக்கான ஏலங்களில் நூற்றுக்கு 59இலும் கடைசிக் கேள்வி இறுதி ஐந்து நிமிடத்துள் வந்தமையை அவ்வறிஞர் கண்டனர். அமேசனில் இவ்விரு வகைக்கும் அது நூற்றுக்கு ஏறத்தாழ 3 மாத்திரமே. பொருளும் மக்களும் ஒத்திருப்ப, முடிவு விதி ஒன்றே இவ்வளவு வேற்றுமையை விளைத்தது. மேலும், அறிவுடையோர் மதிப்பீடே பெரிதாகும் பழம்பொருள்களில் இறுதிக் கணக் கேள்வி மிகுந்திருந்தமை, மரிச்சுக்கட்டி வணிகனின் மௌனத்தை நினைவூட்டுகின்றது. தான் அறிந்ததைப் பிறர் அறியாவண்ணம் காத்தலே இருவர்க்கும் நோக்கம்.

மெழுகுதிரியும் மீண்டும் வந்துள்ளது. போல்கடொட் என்னும் இணையப் பணவலையமைப்பு 2021ஆம் ஆண்டிலே தன் இடங்களை ஏலத்தில் விட்டபோது, ஏலம் உண்மையில் எக்கணத்தில் முடிந்தது என்பதை ஏலத்துக்குப் பின்னரே எழுந்தமானமாகத் தெரிந்தெடுக்கும் விதியைக் கையாண்டது. புகையைக் கண்டு கேட்போன் அங்கே தோன்ற வழியில்லை. அணைந்த கணம் எதுவென்பது அணைந்தபின்னரன்றோ வெளிப்படுகின்றது! இலங்கையிலும் ஒரு பெருமாற்றம் நிகழ்ந்தது. 1883ஆம் ஆண்டு யூலை 30ஆம் நாள் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலம், ஏலங்கூறுவோரின் வாய்மொழியாலேயே பல்லாண்டு நடைபெற்றது. கொரோனாத் தொற்றினால் நாடு முடங்கிய 2020ஆம் ஆண்டு ஏப்பிரிலில் அது இணையவழிக்கு மாறிற்று. மலையகத் தமிழர் கொய்த கொழுந்தின் விலை, மண்டபத்துக் குரல்களை விட்டுக் கணினித் திரையிலே தீர்மானிக்கப்படலாயிற்று.

கருவி மாறும்போது விதியையும் ஆராய்தல் வேண்டும். ஏலம் முடியும் நொடியைக் கணினி வகுக்கின்றதெனினும், அக்கணினிக்கு விதி கூறுவோர் மாந்தரே. நொடியை நிலைநிறுத்தின், அறிந்தவரும் விரைந்த கருவியுடையவரும் பயன்பெறுவர். விற்பவர் இழத்தல் கூடும். கேட்குந்தோறும் நீளவிடின், விற்பவர் பயன்பெறுவர். ஆயினும், கூடிச் சூழ்வோருக்கு அது வாய்ப்பாகும். நேரத்தை மறைத்துவைப்பின், மறையைக் காப்பவரின் நேர்மையே முறையின் உயிராகும். எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒரே விதி இல்லை. விற்கப்படுவது விரைவிற் கெடும் மீனா, மூடிய சிப்பியா, ஏழை உழவனின் விளைவா, கற்றோர் மாத்திரம் மதிக்கவல்ல பழம்பொருளா என்பதை நோக்கியே விதி வகுக்கப்படல் வேண்டும். அதனை வகுப்பவர், பொறுத்திருக்க இயலாதவன் எவன் என்று முதலில் வினவுதல் முறையாகும்.

கேட்பவருக்கும் இவ்வரலாறு ஓர் அறிவுரை தருகின்றது. ஏலத்துள் நுழையுமுன், பரபரப்பும் போட்டியும் இல்லாத தனிமையில், இப்பொருளுக்குத் தாம் கொடுக்கக்கூடிய உச்சம் எவ்வளவென்று தம் மனத்தோடு உசாவி முடிவு செய்தவரே, இறுதி நொடியில் வந்து விழும் பிறர் கேள்வியால் ஏமாற்றமோ சினமோ அடையார். பொருள் கிடைப்பின் தம் மதிப்புக்கு மேற்படாத விலையில் கிடைக்கும். கிடையாதாயின், தம்மினும் மேலாக மதித்தவரே பெற்றார் என்று அமைவர். கொற்றன் இழந்தது ஐந்து நொடியால் அன்று. தன் உச்சத்தைத் தானே அறியாமையால் இழந்தான்.

களுவாஞ்சிக்குடியை அண்டிய வாவிக்கரைகளில் விடியற்காலையிலே தோணிகள் வந்தணையும்போது, மன்னார் மணலிலும் இலண்டன் விற்பனைக் கூடத்திலும் எழுந்த அதே வினா மீண்டும் எழுகின்றது. பனிக்கட்டியும் குளிர்ச்சாதனமும் கிடைக்கப்பெற்ற மீனவன் அரைநாள் பொறுத்திருக்க வல்லவனாகின்றான். வேற்றூர்ச் சந்தையின் விலையைக் கைத்தொலைபேசியிற் கேட்டறிந்தவன், தன் மீன்குவியலின் மதிப்பை முன்னரே அறிந்தவனாய் நிற்கின்றான். முன்னது அவனுக்குக் காலத்தைத் தருகின்றது. பின்னது அறிவைத் தருகின்றது. வாங்குபவரிடமே நெடுங்காலம் இருந்த இவ்விரண்டும் விற்பவனிடமும் வந்துசேரும்போது, ஏலத்தின் இறுதிக் கணம் ஒருவரை மாத்திரம் அச்சுறுத்துவதாய் அமையாது, இருபாலாருக்கும் ஒப்ப நிற்கும்.